மலைக்கள்ளனைக் கண்டவர்கள்: 1954இன் சாகச நகைச்சுவைப் படமும் தஞ்சை வட்டாரத்தின் கலவையான ரசனையும்

ஆய்வுச்சுருக்கம்

பழைய திரைப்படம் ஒன்றைப் பற்றிப் பார்வையாளரிடையே நிலவும் மாறுபட்ட கருத்துகளைப் படித்தோர் ரசனை, பாமரர் ரசனை என இரண்டாகப் பிரித்துக் காண்பது தமிழ்த் திரை வரலாற்றெழுத்தில் நெடுநாள் வழக்கம். 1954இல் வெளிவந்த ‘மலைக்கள்ளன்’ இவ்வழக்கத்துக்கு அடங்காத சான்றாகும். அதன் உருவாக்கம், அது பெற்ற அரசு விருது, நகையையும் பெருமிதத்தையும் அது இணைத்த முறை, அக்காலத் தஞ்சை மாவட்டத்தின் நிலவுறவுச் சூழல், அரங்கின் இருக்கை அமைப்பு ஆகியவற்றை இக்கட்டுரை ஒருங்கே நோக்குகிறது. கருத்து வேறுபாடு பார்வையாளரின் தகுதி வேறுபாட்டால் மட்டும் விளைந்ததன்று. பலரை ஓரரங்கில் அமர்த்தும் பொருட்டுப் படத்தின் கட்டமைப்பிலேயே பொதிந்திருந்தது என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: மலைக்கள்ளன், ஏற்பு வரலாறு, காவிரிப் படுகை, மெய்ப்பாடு, டூரிங் டாக்கீஸ், பண்ணையாள்.

1. முன்னுரை

தமிழ்த் திரைப்பட வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரலாறாகவும் தோல்விகளின் வரலாறாகவும் எழுதப்பட்டுள்ளது. நூறு நாள் ஓடிய படம், ஒரு வாரத்தில் எடுக்கப்பட்ட படம் என்னும் வகைப்பாட்டில் ஒரே படத்தை ஒருவர் மெச்சியதற்கும் அருகில் இருந்தவர் முகஞ்சுளித்ததற்கும் இடமில்லாமற் போகிறது. குறிப்பாகச் சண்டையும் சிரிப்பும் கலந்த படங்கள் இவ்வகையில் எளிதாக ஒதுக்கப்படுகின்றன. பாமரர்க்கானவை என்று ஒரு சாராரும், மக்களுக்கானவை என்று மறு சாராரும் கூறிவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். இரு கூற்றுகளும் பார்வையாளரை ஒரே மனமுடைய திரளாகக் கொள்வதில் ஒன்றுபடுகின்றன.

இக்கட்டுரை அத்திரளைப் பிரித்து நோக்க முயல்கிறது. ஆய்வுப் பொருள் ‘மலைக்கள்ளன்’. ஆய்வுக் களம், இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய அன்றைய தஞ்சை மாவட்டம். இப்படத்தோடு தொடர்புடைய பலர் இம்மண்ணோடு உறவுடையவர்கள். நாயகன் எம்.ஜி. இராமச்சந்திரன் கும்பகோணம் ஆனையடிப் பள்ளியில் படித்து, அங்கிருந்து நாடகக் குழுவுக்குச் சென்றவர். வசனம் எழுதிய மு. கருணாநிதி திருக்குவளையிற் பிறந்து திருவாரூரில் வளர்ந்தவர். பாடலாசிரியருள் ஒருவர் தஞ்சை இராமையாதாஸ். காவலராக வந்து சிரிக்க வைத்த டி.எஸ். துரைராஜ் பட்டுக்கோட்டைப் பகுதியைச் சேர்ந்தவர். ஆயினும் இக்களத்தைத் தேர்ந்தமைக்கு இத்தொடர்புகளினும் முதன்மையான காரணம், 1950களின் தொடக்கத்தில் சட்டம், காவல், நிலம் ஆகிய மூன்றும் மோதிய வட்டாரம் இது என்பதே. சட்டத்தை மீறிய நல்லவனும் சட்டத்துள் மறைந்த தீயவரும் இப்படத்தின் கருப்பொருள்.

2. இரு கைகளில் உருவான படம்

கோயம்புத்தூர்ப் பட்சிராஜா நிறுவனத்தின் சார்பில் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு தயாரித்து இயக்கிய இப்படம் 1954 ஜூலை 22ஆம் நாள் வெளிவந்தது. இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு, நாயகி பி. பானுமதி. மூலக்கதை நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நாவல். காந்தியக் கவிஞராகப் போற்றப்பட்ட அவர் 1949இல் சென்னை மாகாண அரசவைக் கவிஞராக்கப்பட்டவர். அக்கதைக்கு வசனம் எழுதியவரோ 1953 ஜூலையில் கல்லக்குடிப் போராட்டத்தில் சிறை சென்ற தி.மு.க. தலைவர்களுள் ஒருவர். ‘பராசக்தி’ (1952) எழுப்பிய புயலும் அதனைத் தடைசெய்யக் கோரிய குரல்களும் அடங்கி நெடுங்காலம் ஆகியிருக்கவில்லை. நாயகனும் அப்போது தி.மு.க.வைச் சார்ந்துவிட்டார்.

ஆகவே அரசியலில் எதிரெதிராக நின்ற இரு மரபுகள் இப்படத்தில் ஒன்றாயின. செல்வரிடம் பறித்து வறியவர்க்கு ஈயும் கள்வன் தன் மலையிருப்பில் பள்ளியும் மருத்துவமும் உழைப்பும் நிறைந்த குடியிருப்பொன்றை நடத்துகிறான். அதனை நிர்மாணத் திட்டத்தின் வடிவமாகக் காங்கிரஸ் அனுதாபி காணலாம். வரவிருக்கும் ஆட்சியின் முன்னோட்டமாகத் தி.மு.க. அனுதாபி காணலாம். டி.எம். சௌந்தரராஜனின் குரலில் நாயகன் குதிரைமேற் பாடிவரும் பாடல் ஏமாற்றுவோரை இடித்துரைத்து, கல்லாதவர் இல்லாத நாட்டை வேண்டுகிறது. இராஜாஜியின் 1953ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்வித் திட்டம் ‘குலக்கல்வி’ எனக் கண்டிக்கப்பட்டு, 1954 ஏப்ரலில் முதல்வரான காமராசரால் கைவிடப்பட்ட சில திங்களுக்குள் அப்பாடல் ஊர்தோறும் ஒலித்தது. அதற்குக் கிடைத்த கைதட்டல் எதற்குரியது என்பதைக் கேட்டவரின் சார்பே முடிவுசெய்திருக்கும். ஒரே சொல் இரு பொருள் தரும்வகையில் அமைந்தமை படத்தின் வணிக வலிமை. கட்சிப் பிடிப்புடையோர் இருதரப்பிலும் முழு நிறைவு கொள்ளாமைக்கும் அதுவே காரணமாகக் கூடியது.

3. விருதும் வசூலும்: 1954இன் இரு படங்கள்

சாகச நகைச்சுவைப் படத்தைப் பாமரர் விரும்புவர், கற்றோர் வெறுப்பர் என்னும் கருத்தை 1954ஆம் ஆண்டே பொய்யாக்குகிறது. அவ்வாண்டு ஏப்ரல் 13ஆம் நாள் ஏவி.எம். நிறுவனத்தின் ‘அந்த நாள்’ வெளிவந்தது. வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் இயக்கிய அப்படத்தில் பாடல் இல்லை; நடனம் இல்லை; சண்டை இல்லை. ஒரு கொலையைப் பற்றிப் பலரும் தத்தம் கோணத்திற் கூறும் கூற்றுகளே கதை. திறனாய்வாளர் பாராட்டினர்; பொதுமக்கள் பாட்டில்லாப் படத்தை ஏற்கவில்லை; வசூலில் படம் தோற்றது.

எனவே ஒன்றிய அரசின் திரைப்பட விருதுக் குழு தமிழில் ‘அந்த நாள்’ படத்தையே முதலாவதாகக் கொண்டிருக்கும் என எதிர்பார்ப்பது இயல்பு. நிகழ்ந்தது வேறு. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் ‘மலைக்கள்ளன்’ படத்துக்கு அளிக்கப்பட்டது; ‘அந்த நாள்’ தகுதிச் சான்றிதழ் பெற்றது. வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் என்னும் பெருமையும் ‘மலைக்கள்ளன்’ படத்தையே சேர்ந்தது. 1951இல் அறிக்கையளித்த எஸ்.கே. பாட்டீல் தலைமையிலான திரைப்பட விசாரணைக் குழுவுக்குப் பின், நல்ல படங்களை ஊக்குவிக்கும் நோக்கில் தொடங்கப்பட்டவை இவ்விருதுகள். அத்தகைய அரசுக் குழுவும் தரை டிக்கெட்டுப் பார்வையாளரும் ஒரே படத்தைத் தெரிவுசெய்தமையால் மேலோர், கீழோர் என்னும் எல்லைக்கோடு இங்குச் செல்லாததாகிறது. குழு மதித்தது நல்லொழுக்கக் கருத்தையாக இருக்கலாம். தரையில் இருந்தோர் மதித்தது வாள்வீச்சையும் வேடத்தையுமாக இருக்கலாம். தேர்வு ஒன்றாயினும் காரணம் ஒன்றாதல் வேண்டியதில்லை.

இக்கதை பிற மொழிகளிற் பெற்ற வாழ்வும் இதனை உறுதிப்படுத்துகிறது. ஸ்ரீராமுலு நாயுடு இதனைத் தெலுங்கில் ‘அக்கி ராமுடு’ (1954) எனவும், இந்தியில் ‘ஆசாத்’ (1955) எனவும் எடுத்தார். மலையாளம், கன்னடம், சிங்களம் ஆகியவற்றிலும் இக்கதை படமாயிற்று. சோக நாயகனாக அறியப்பட்ட திலீப்குமார், துயர வேடங்களின் பாரத்திலிருந்து விடுபட மருத்துவர் கூறிய அறிவுரைப்படி இலகுவான வேடங்களை நாடியபோது ஏற்ற படம் ‘ஆசாத்’. அதற்காகச் சிறந்த நடிகருக்கான பிலிம்பேர் விருதும் பெற்றார். தமிழில் வீரனை மக்கள் தலைவனாக்கும் பாதையில் ஒரு படியாக அமைந்த அதே வேடம், இந்தியில் நடிகரின் இறுக்கத்தைத் தளர்த்தும் விளையாட்டாயிற்று.

4. நகையும் பெருமிதமும்

இக்கலவையை விளக்கத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பயனுள்ள கருவியாகும். நகை தோன்றும் நிலைக்களன்களாகப் பேதைமை, மடன், எள்ளல், இளமை ஆகியவற்றையும், பெருமிதத்துக்குக் கொடை, தறுகண், புகழ், கல்வி ஆகியவற்றையும் அது கொள்கிறது. மலைக்கள்ளனிடம் பெருமிதத்தின் நிலைக்களன்கள் நான்கும் உள: அஞ்சாமை உண்டு, வறியவர்க்கு ஈகிறான், புகழ் ஊரெங்கும் பரவியுள்ளது, பள்ளி நடத்துகிறான். நகைக்குரியோர் அவனைத் தேடும் காவலர். எம்.ஜி. சக்கரபாணி ஏற்ற துணை ஆய்வாளரும் துரைராஜ் ஏற்ற காவலரும் கள்வனைப் பிடிக்கத் தீட்டும் திட்டத்தை அப்துல் ரகீம் என்னும் வணிகரிடம் உரைக்கின்றனர். அவ்வணிகரே கள்வன் என்பதைப் பார்வையாளர் அறிவர், காவலர் அறியார்.

இங்குச் சிரிப்பு இருவழிப்படுகிறது. காவலரின் அறியாமையைக் கண்டு சிரிப்பது மடன் வழி வரும் நகை; அதில் தீங்கில்லை. நாயகனோடு சேர்ந்து காவலரை எள்ளிச் சிரிப்பது எள்ளல் வழி வரும் நகை. அதில் அதிகாரத்தின்மீதான தீர்ப்பு அடங்கியுள்ளது. முதல் வகையிற் சிரித்தவர்க்கு இது பொழுதுபோக்கு. இரண்டாம் வகையிற் சிரித்தவர்க்கு இது நீதி. காவலரை இவ்வாறு காட்டுவது தகுமா என வினவுவோர்க்கோ சிரிப்பே எழாது. சிரிப்புக் காட்சிகள் சாகசத்தின் விறுவிறுப்பைக் கெடுக்கின்றன என்பாரும், அவை இன்றேல் சாகசம் வறட்சியாகிவிடும் என்பாரும் இன்றுவரை உளர். அவர்கள் இருவேறு படங்களைப் பற்றிப் பேசவில்லை. ஒரே படத்தின் இருவேறு மெய்ப்பாடுகளை அளவுகோலாகக் கொள்கின்றனர்.

இக்கலவை திரைப்படத்தின் கண்டுபிடிப்பும் அன்று. கூத்தில் கட்டியங்காரனும் ஸ்பெஷல் நாடகத்தில் பபூனும் அரசனின் வீரவுரைக்கு இடையே புகுந்து அதனைப் பகடி செய்தனர். நாடக மேடையில் பயின்ற எம்.ஜி.ஆரும் சக்கரபாணியும் துரைராஜும் அம்மரபையே திரைக்குக் கொணர்ந்தனர். எனவே கூத்தையும் நாடகத்தையும் கண்டு பழகிய காவிரிப் படுகைப் பார்வையாளர்க்குக் கலவை குறையாகத் தோன்றியிராது; கலவையின் அளவே விவாதப் பொருளாகியிருக்கும்.

5. சட்டமும் கள்வனும்: தஞ்சை வட்டாரச் சூழல்

1940களில் பி. சீனிவாசராவ் முதலியோர் தஞ்சைப் பண்ணையாள்களையும் குத்தகை உழவரையும் விவசாயிகள் சங்கமாகத் திரட்டினர். கம்யூனிஸ்டுக் கட்சி தடைசெய்யப்பட்ட காலத்தில் தலைமறைவாக இயங்கிய வாட்டாக்குடி இரணியனும் சாம்பவானோடை சிவராமனும் 1950இல் காவல்துறையாற் சுட்டுக்கொல்லப்பட்டனர். 1952இல் இராஜாஜி அரசு தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொணர்ந்தது. இம்மாவட்டத்துக்கெனவே இயற்றப்பட்ட அச்சட்டம் பண்ணையாளைக் காரணமின்றி வெளியேற்றுவதைக் கட்டுப்படுத்திற்று. குத்தகைதாரர் பங்கை விளைச்சலில் ஐந்தில் இரண்டாக உயர்த்திற்று. 1956ஆம் ஆண்டு நியாயக் குத்தகைச் சட்டம் நன்செய்யில் அதனை ஐந்தில் மூன்றாக்கியது. ‘மலைக்கள்ளன்’ திரையிடப்பட்ட காலம் இவ்விரு சட்டங்களுக்கும் இடைப்பட்டது. சட்டம் வந்துவிட்டது, அது களத்துமேட்டிற்கு வந்ததா என்பதே அன்றைய வழக்கு.

இப்பின்னணியிற் படத்தின் கதைமாந்தரை நோக்குதல் வேண்டும். ஊரில் மதிப்புடன் உலவும் செல்வர் மறைவிற் கொள்ளையும் ஆட்கடத்தலும் செய்விக்கின்றனர். பழி மலைக்கள்ளன்மேல் விழுகிறது. காவலர் செல்வரின் சொல்லை நம்பிக் கள்வனைத் துரத்துகின்றனர். பண்ணையாள் ஒருவர்க்கு இதனை விளங்கிக்கொள்ள உரையாசிரியர் தேவையில்லை. தலைமறைவுப் போராளிகள் சுடப்பட்ட நான்காண்டுகளில், காவலர் தேடும் ஒருவன் அவர்கள் முன்னிலையிலேயே வேடமிட்டு அமர்ந்து தப்பிச்செல்லும் காட்சி, பட்டுக்கோட்டை, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரங்களில் வெறும் நகைச்சுவையாக மட்டும் நின்றிருக்க இயலாது. இது சூழலிலிருந்து பெறும் ஊகமேயன்றிப் படைப்பாளரின் நோக்கம் பற்றிய கூற்று அன்று. மலை இல்லாத சமவெளியில் மலைக்கள்ளன் என்பவன் புவியியலால் அயலவன்; நிலவுறவால் அண்டைவீட்டான்.

மிராசுதார் குடும்பத்தினரும் இதே படத்தை விரும்பியிருக்க இடமுண்டு. கள்வன் உண்மையிற் குமாரவீரன் என்னும் நற்குடிப் பிறந்தவன். நாயகி பூங்கோதையின் உறவினன். இறுதியில் ஒழுங்கு மீள்கிறது, நிலவுடைமை வினவப்படுவதில்லை, தீய செல்வர் சிலரே தண்டிக்கப்படுகின்றனர். பண்ணையாள் இடைவேளைக்கு முன்னும் பின்னும் கண்ட நீதியை மிராசுதார் இறுதிக் காட்சியின் அமைதியாகக் கண்டார் எனலாம். இடதுசாரி நோக்கினர் இப்படத்தைக் குறைகூறுவதற்குரிய இடமும் இவ்விறுதியே: மாற்றம் மக்களால் அன்றி ஒரு தனிவீரனால் வருகிறது, அதுவும் குடிப்பிறப்பை நிலைநாட்டிக்கொண்டு வருகிறது.

6. ஓரரங்கில் பல வகுப்பு

தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதற் கலைக்கூடம் திரையரங்கு என்றும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது சாதிப்படிநிலை அன்று, வாங்கும் ஆற்றலே என்றும் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டியுள்ளார். இது அடிப்படையான கருத்து. எனினும் நிலமும் சாதியும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்த தஞ்சையில் வாங்கும் ஆற்றலும் சாதியை ஒட்டியே இயங்கியது. தரை, பெஞ்சு, நாற்காலி என்னும் வரிசை ஊரின் வரிசையைத் தலைகீழாக்காமல் புதிய பெயரிற் படியெடுத்தது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு: தரையில் அமர்ந்தவர் திரைக்கு மிக அருகில் இருந்தார்; அவருடைய விசிலும் கைதட்டலும் நாற்காலியில் இருந்தவர் காதிலும் விழுந்தன. கீழிருந்து எழும் தீர்ப்பை மேலிருந்தோர் கேட்டே ஆகவேண்டிய இடம் ஊரில் வேறில்லை.

சிற்றூர்களில் இப்பணியை ஆற்றியது டூரிங் டாக்கீஸ். கீற்றுக் கொட்டகை, மணற்றரை, ஒற்றைப் படக்கருவி. சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. மாட்டுவண்டியில் கொட்டடித்து நோட்டீசு வழங்குவதும், கதைச்சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி மீதியை வெள்ளித்திரையிற் காணச்சொல்லும் பாட்டுப்புத்தகத்தை விற்பதும் அதன் அங்கங்கள். மேட்டூர் நீர் திறப்பு, நடவு, அறுவடை, வடகிழக்குப் பருவமழை ஆகியவை கையிற் காசு புழங்கும் காலத்தையும் கொட்டகை நடக்கும் காலத்தையும் வரையறுத்தன. நகரில் ஜூலையில் வெளியான படம் சிற்றூருக்கு வருமுன் அதன் பாடல்களும் அதைப் பற்றிய பேச்சும் வந்துவிடும். எனவே இங்குப் படம் பார்த்தவர் புதிதாகக் கருத்துக்கொள்ளவில்லை. கேட்ட கருத்தைச் சோதித்தார். பல இடைவேளைகள் அச்சோதனைக்கு வாயிலாயின: சண்டை முடிந்த சுருளுக்கும் சிரிப்புத் தொடங்கும் சுருளுக்கும் நடுவே விவாதம் நிகழ்ந்தது. ஒரே அமர்வில் தொடர்ச்சியாகப் பார்க்கும் இன்றைய பார்வையாளர் ‘இழுவை’ எனக் கருதும் நீளம், அன்றைய கொட்டகையில் அளவாக அமைந்திருக்கும். தலைமுறைகளுக்கிடையேயான கருத்து வேறுபாட்டில் ஒரு பகுதி இவ்வாறு காட்சிமுறையின் வேறுபாடேயாகும்.

7. அப்துல் ரகீம் என்னும் வேடம்

நாயகனின் வேடங்களுள் மிகுதியும் நினைவுகூரப்படுவது முஸ்லிம் வணிகர் வேடமே. நாகூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் எனக் கடல்கடந்த வணிகத்தில் தழைத்த முஸ்லிம் ஊர்களைக் கொண்ட வட்டாரத்தில் இவ்வேடம் அயலானதன்று. அப்துல் ரகீம் கண்ணியமானவர், கொடையாளர், காவலரும் மதிக்கும் செல்வாக்குடையவர். பிரிவினையை அடுத்த ஆண்டுகளில் இத்தகைய சித்திரிப்பு நல்லிணக்கத்தின் அடையாளமாக மெச்சத்தக்கது. எனினும் அக்கண்ணியம் கழற்றி வைக்கத்தக்க ஒப்பனையாக முடிவதை இன்றைய வாசிப்பு சுட்டாமல் விடாது. இரு கருத்துகளும் நியாயமானவையே. முந்தைய மதிப்பீடு பாத்திரத்தின் நடத்தையை நோக்குகிறது. பிந்தையது பாத்திரத்தின் இருப்பை நோக்குகிறது.

8. ரசனையும் வாக்கும்

எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பத்தை ஆராய்ந்த எம்.எஸ்.எஸ். பாண்டியன் (1992) அது அடித்தள மக்களின் இயல்புணர்வில் வேரூன்றி, அவர்தம் நலனுக்கு மாறான ஆட்சிக்கு இசைவு பெற்றுத்தந்தது என வாதிட்டார். தமிழ்த் திரை அரசியலாய்வில் இது திருப்புமுனையான நூல். எனினும் பிம்பத்தின் வலிமையை அழுத்திக்கூறும் அவ்வாய்வில் பார்வையாளர் தமக்குள்ளும் தம்மோடும் மாறுபடும் இடம் சுருங்கிவிடுகிறது. ஒரு படத்தை ரசித்தவர் அதன் நாயகனை நம்பினார் என்பதும், நம்பியவர் வாக்களித்தார் என்பதும் தனித்தனியே நிறுவப்பட வேண்டியவை.

தஞ்சை மண்ணே இதற்கு எதிர்ச்சான்று தருகிறது. சூரக்கோட்டையிற் பண்ணைவீடு கொண்டு இவ்வட்டாரத்தவராகவே கருதப்பட்ட சிவாஜி கணேசன் 1989 சட்டமன்றத் தேர்தலில் திருவையாற்றிற் போட்டியிட்டுத் தி.மு.க. வேட்பாளரிடம் தோற்றார். அவருடைய நடிப்பைப் பற்றி அத்தொகுதியினர் கொண்டிருந்த மதிப்பு அத்தேர்தலால் குறைந்துவிடவில்லை. ரசனைக்கு ஒரு கணக்கும் வாக்குக்கு வேறொரு கணக்கும் வைத்திருந்த பார்வையாளரை அது காட்டுகிறது. 1989இல் வாக்கையும் ரசனையையும் பிரித்தறிந்தவர்கள் 1954இல் சிரிப்பையும் நம்பிக்கையையும் பிரித்தறியாதிருந்தனர் எனக் கொள்ள நியாயமில்லை.

9. முடிவுரை

‘மலைக்கள்ளன்’ பற்றிய கருத்துகள் பிளவுபட்டமைக்குக் காரணம் பார்வையாளர் சிலர் அறிந்தோராகவும் சிலர் அறியாதோராகவும் இருந்தமை அன்று. காந்தியக் கதையும் திராவிட இயக்க வசனமும், தறுகண்மையும் எள்ளலும், சட்டமீறலும் குடிப்பிறப்பும் ஒருங்கே வைக்கப்பட்டமையால் ஒவ்வொருவரும் தமக்குரியதை எடுத்துக்கொண்டு மற்றதைக் குறையாகக் கண்டனர். அரசு விருதுக் குழுவும் தரை டிக்கெட்டும் ஒரே படத்தில் உடன்பட்டமை, உடன்பாடும் வேறுபாட்டின்மேல் நிற்கக்கூடியதே எனக் காட்டுகிறது.

ஏற்பு வரலாற்றை எழுதுவோர் ஒரு படத்தை மக்கள் விரும்பினரா எனக் கேட்பதோடு நில்லாது, எவர் எந்த இருக்கையில் அமர்ந்து எந்தக் காட்சியை விரும்பினர் எனக் கேட்டல் வேண்டும். 1950களில் கொட்டகை மணலில் அமர்ந்து இப்படத்தைக் கண்ட தலைமுறையினர் இன்று முதுமையின் எல்லையில் உள்ளனர். காவலரைக் கண்டு தாம் சிரித்தது எதற்காக என்பதைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமே. வட்டாரக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகள் அந்த வாய்மொழிச் சான்றுகளை ஊர்வாரியாகவும் வகுப்புவாரியாகவும் திரட்டுதல் காலம் தாழ்த்தக் கூடாத பணியாகும்.